கொடி எட்டும் தூரம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் டிரஃபால்கர் கடற்போரைப் பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். 1805 அக்டோபர் 21 அன்று பிரான்ஸும் ஸ்பெயினும் சேர்ந்து நிறுத்திய 33 பெரும் போர்க்கப்பல்களை பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனின் 27 கப்பல்கள் எதிர்த்து, தம்மில் ஒன்றைக்கூட இழக்காமல் ஜெயித்தன என்பதோடு முடித்துக்கொண்டேன். அது போதாது என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. நான் 28 வருடம் சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்தவன். போர்க்கப்பலில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. ஆனால் பாய்மரக் காலத்துக் கடற்படைகளைப் பற்றித் தேடித் தேடிப் படிப்பது பயிற்சி மாலுமியாக இருந்த நாளிலிருந்தே என்னோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: நெல்சன் குருட்டுக் கண்ணில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு மேலதிகாரியின் கட்டளையை மீறினாராமே? அப்படி மீறியவரை ஏன் தண்டிக்கவில்லை? (கல்லூரி மாணவி ஒருவர்)

1801 ஏப்ரல் 2, டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன். தலைமை அட்மிரல் சர் ஹைட் பார்க்கர் பெரிய கப்பல்களோடு வடக்கே சில மைல் தள்ளி நிற்கிறார். காற்று தெற்கிலிருந்து வீசுகிறது. அவர் நினைத்தாலும் உடனே வந்து சேர முடியாது. ஆழம் குறைந்த கால்வாய்க்குள் நெல்சன் 12 கப்பல்களோடு நுழைந்து டேனிஷ் பீரங்கிகளோடு மோதிக்கொண்டிருக்கிறார். பார்க்கருக்குத் தெரிவதெல்லாம் புகைதான். தரைதட்டி நிற்கும் இரண்டு மூன்று கப்பல்களும் கண்ணில் படுகின்றன. மதியம் ஒரு மணிக்கு மேல் அவர் 39ஆம் எண் கொடியை ஏற்றுகிறார். 'சண்டையை நிறுத்து' என்பது அதன் பொருள்.

நெல்சன் தன் அதிகாரியிடம் கேட்டது ஒன்றுதான்: நமது 16ஆம் எண் கொடி இன்னும் பறக்கிறதா? 'நெருங்கிப் போரிடு' என்ற கொடி அது. பறக்கிறது என்றதும், அப்படியே இருக்கட்டும் என்றார். அப்புறம்தான் கேப்டன் ஃபோலியிடம், எனக்கு ஒரு கண்தான், சில நேரம் குருடாக இருக்க எனக்கு உரிமை உண்டு என்று சொன்னதாகக் கதை வருகிறது. தொலைநோக்கி பின்னால் சேர்க்கப்பட்டது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. பின்வாங்க விரும்பினால் பின்வாங்கு என்று அனுமதி தருவதற்காகவே பார்க்கர் அந்தக் கொடியை ஏற்றினார் என்றும் ஒரு விளக்கம் இருக்கிறது.

என்னை உலுக்கும் விஷயம் வேறு. அந்தக் கொடியைப் பார்த்துக் கீழ்ப்படிந்தவர் ஒருவர் இருந்தார். சிறு கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் ரியூ. அவருடைய கப்பல்கள்தாம் பார்க்கருக்குப் பக்கத்தில் இருந்தன. நெல்சன் நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று வருந்திக்கொண்டே 'அமேசான்' கப்பலைத் திருப்பினார். திரும்பும்போது கப்பலின் பின்பக்கம் எதிரிக்குக் காட்டப்படும். அதுதான் இருப்பதிலேயே பலவீனமான பக்கம். ஒரு குண்டு அவரை இரண்டாகப் பிளந்துவிட்டது. மீறியவர் ஜெயித்தார், கீழ்ப்படிந்தவர் செத்தார். தண்டனை ஏன் இல்லை என்று கேட்டீர்கள். ஜெயித்ததுதான் காரணம். அடுத்த மாதமே பார்க்கரைத் திரும்ப அழைத்துக்கொண்டு நெல்சனையே அங்கே தலைவராக்கினார்கள்.

கேள்வி: வயர்லெஸ் இல்லாத காலத்தில் இருபது முப்பது கப்பல்களை ஒருவர் எப்படிக் கட்டுப்படுத்தினார்? (ஓய்வுபெற்ற தபால்துறை ஊழியர் ஒருவர்)

ஐயா, பெரும்பாலும் கட்டுப்படுத்த முடியவில்லை என்பதே உண்மை.

கொடிகள்தாம் பேச்சு. ஒவ்வொரு கொடிக்கும், அது பறக்கும் இடத்துக்கும் ஒரு பொருள். கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட வரிசையில் போவதால், முன்னால் இருப்பவரின் கொடியை அவருடைய பாய்களே மறைத்துவிடும். அதற்காகவே வரிசைக்கு வெளியே சிறு கப்பல்களை நிறுத்தி, அட்மிரலின் கொடியைப் பார்த்து அப்படியே திருப்பி ஏற்றச் செய்தார்கள். முதல் பீரங்கி வெடித்ததும் புகை மூடும். கயிறு அறுபடும், கொடிமரம் சாயும். அதோடு பேச்சு நின்றுவிடும்.

1781 செப்டம்பர் 5 அன்று அமெரிக்காவின் செசபீக் விரிகுடா வாயிலில் நடந்ததைப் பாருங்கள். பிரிட்டிஷ் அட்மிரல் கிரேவ்ஸிடம் 19 கப்பல்கள், பிரெஞ்சு அட்மிரல் டி கிராஸிடம் 24. கிரேவ்ஸ் 'நெருங்கிப் போரிடு' என்று கொடி ஏற்றினார். 'வரிசையைக் கலைக்காதே' என்ற கொடியும் கூடவே பறந்தது. கடைசிப் பிரிவின் தலைவர் ஹூட் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கப்பல்கள் சண்டையில் கலந்துகொள்ளவே இல்லை என்று சொல்லலாம். விரிகுடா பிரெஞ்சுக்காரர் கையில் தங்கியது. உள்ளே யார்க்டவுனில் கடல்வழி அடைபட்ட பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை அக்டோபர் 19இல் சரணடைந்தது. அமெரிக்காவின் விடுதலையை முடிவு செய்த நாட்களில் ஒன்று, இரண்டு கொடிகள் சேர்ந்து பறந்த அந்தப் பிற்பகல்.

நெல்சன் இதற்குக் கண்ட வழி, சண்டைக்கு முன்பே பேசி முடித்துவிடுவது. டிரஃபால்கருக்கு மூன்று வாரம் முன்பு, செப்டம்பர் 29 அன்று, அவருடைய 47ஆவது பிறந்தநாள். தன் தலைமைக் கப்பலான 'விக்டரி'யில் கேப்டன்களுக்கு விருந்து வைத்துத் திட்டத்தை விளக்கினார். வரிசைக்கு வரிசை நின்று சுட்டுக்கொள்ளப் போவதில்லை, எதிரியின் வரிசையைக் குறுக்கே வெட்டி நுழையப் போகிறோம் என்றார். அக்டோபர் 9 தேதியிட்ட குறிப்பில் எழுதியும் கொடுத்தார். அதிலே ஒரு வரி: கொடி தெரியாவிட்டாலோ புரியாவிட்டாலோ, எதிரிக் கப்பலை ஒட்டித் தன் கப்பலைக் கொண்டு நிறுத்தும் எந்தக் கேப்டனும் பெரிய தவறு செய்தவர் ஆகமாட்டார்.

சரக்குக் கப்பலிலும் கேப்டன் தூங்கப் போகும் முன் இரவுக் கட்டளைப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டுப் போவார். நான் மூன்றாம் அதிகாரியாக இருந்தபோது என் முதல் கேப்டன் எல்லா இரவும் கடைசி வரியாக, 'சந்தேகம் வந்தால் எழுப்பு. எழுப்ப நேரமில்லை என்றால் நீயே திருப்பு' என்று எழுதுவார். ஒரு இரவு, மீன்பிடிப் படகு ஒன்று விளக்கில்லாமல் எங்கள் முன்னால் முளைத்தது. எழுப்ப நேரமில்லை. சுக்கானை வலப்பக்கம் முழுதாகத் திருப்பச் சொன்னேன். படகு எங்கள் இடப்பக்கமாக உரசாத குறையாகப் போனது. அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால் அரை நிமிடம் தயங்கியிருப்பேன். நெல்சனின் அக்டோபர் 9 குறிப்பை முதல் தடவை படித்தபோது எனக்கு அந்தப் புத்தகத்தின் மை வாசனைதான் வந்தது.

கேள்வி: 'ஒவ்வொருவரும் கடமையைச் செய்வார் என இங்கிலாந்து எதிர்பார்க்கிறது' என்ற புகழ்பெற்ற செய்தியை நெல்சன்தான் எழுதினாரா?

எண்ணம் அவருடையது, ஒரு சொல் இன்னொருவருடையது. 'நம்புகிறது' என்ற பொருளில்தான் நெல்சன் சொன்னார். எந்தச் சொல்லுக்கு எந்தக் கொடிகள் என்று பாப்ஹாம் என்பவர் தொகுத்த கொடி அகராதியில் அந்தச் சொல் இல்லை. எழுத்தெழுத்தாக ஏற்ற வேண்டும். 'எதிர்பார்க்கிறது' அகராதியில் இருக்கிறது, ஒரே ஏற்றில் முடியும் என்று கொடிப் பொறுப்பாளர் லெப்டினன்ட் பாஸ்கோ சொன்னார். சரி, அதையே போடு என்றார் நெல்சன். 'கடமை' என்ற சொல்லும் அகராதியில் இல்லாததால் அதை எழுத்தெழுத்தாகத்தான் ஏற்றினார்கள்.

கேள்வி: ஒரு அட்மிரலையே சொந்த நாட்டுக் கடற்படை சுட்டுக் கொன்றது உண்மையா?

உண்மை. அவர் பெயர் ஜான் பிங். எனக்கு மனசு ஆறாத கதை இது.

இதற்கு 1744இலிருந்து வர வேண்டும். பிரான்ஸின் டூலோன் துறைமுகம் அருகே நடந்த போரில் அட்மிரல் மாத்யூஸ் வரிசையை விட்டு எதிரி மீது பாய்ந்தார். 'வரிசை' கொடி மட்டும் இறக்கப்படாமல் பறந்துகொண்டிருந்தது. பின்பிரிவில் இருந்த லெஸ்டாக், கொடி அப்படித்தானே சொல்கிறது என்று தூரத்திலேயே நின்றுவிட்டார். விசாரணையில் லெஸ்டாக் விடுதலையானார். போரிட்ட மாத்யூஸுக்கு வேலை போனது. மாத்யூஸை விசாரித்த நீதிபதிகளில் ஒருவராக உட்கார்ந்திருந்தவர்தான் பிங்.

1756 மே 20. மினோர்கா தீவைக் காப்பாற்றப் போன பிங்கின் முன்னணிக் கப்பல்கள் பிரெஞ்சுக் குண்டுகளில் சிக்கிச் சிதைகின்றன. ஒரு கப்பலின் முன்பாய்மரம் முறிந்து விழ, பின்னால் வந்த வரிசை குழம்புகிறது. வரிசையை விட்டு முன்னேறலாம் என்கிறார் அவருடைய கேப்டன் கார்டினர். வரிசைக் கொடி பறப்பதைப் பிங் சுட்டிக்காட்டுகிறார்; படையைச் சேர்த்து வைக்காததால் மாத்யூஸுக்கு நேர்ந்தது எனக்கு நேரக் கூடாது என்கிறார். முன்னணிக்கு உதவி போகவில்லை. மினோர்கா பறிபோனது.

நாடு கொதித்தது. தயாரில்லாத கப்பல்களைக் கொடுத்து அனுப்பிய அமைச்சர்களுக்குப் பழியைச் சுமக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நீதிமன்றம் பிங் கோழை இல்லை என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் தன்னால் முடிந்த அனைத்தையும் செய்யவில்லை என்றது. 1749இல் திருத்திய போர்ச் சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு மரணம் தவிர வேறு தண்டனையே கிடையாது. நீதிபதிகளே கருணை கேட்டு எழுதினார்கள். மன்னர் இரண்டாம் ஜார்ஜ் மறுத்தார். 1757 மார்ச் 14 அன்று, போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் 'மானார்க்' கப்பலின் தளத்தில் ஒரு மெத்தை மேல் மண்டியிட்டு, கையிலிருந்த கைக்குட்டையைத் தானே கீழே போட்டு, சுடச் சொல்லிச் சைகை கொடுத்தார் பிங்.

வரிசையை விட்டதற்காக ஒருவருக்குத் தண்டனை, விடாததற்காக இன்னொருவருக்கு மரணம். இரண்டையும் பார்த்து வளர்ந்த கேப்டன்கள் என்ன பாடம் படிப்பார்கள்? பிங் செத்ததால்தான் அடுத்த தலைமுறை துணிச்சலாகச் சண்டை போட்டது என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஏற்பில்லை. பயந்த மனிதரைச் சுட்டார்கள் என்றால்கூடப் புரிந்துகொள்ளலாம். சட்டத்தைப் பிடித்துக்கொண்ட மனிதரைச் சட்டத்தைக் காட்டியே சுட்டார்கள்.

கேள்வி: காற்று வரும் பக்கம் நிற்பதில் அப்படி என்ன லாபம்?

மேல்காற்றில் நிற்பவர்தான் எப்போது சண்டை என்று முடிவு செய்வார். பாயை விரித்தால் எதிரி மேல் இறங்கலாம். வேண்டாம் என்றால் விலகி நிற்கலாம். வெடிப் புகையும் எதிரி பக்கமே போகும். ஆனால் காற்று வலுத்துவிட்டால் கதை மாறும். கப்பல் எதிரி இருக்கும் பக்கமாகச் சாய்ந்து, அந்தப் பக்கக் கீழ்த்தளப் பீரங்கி வாசல்கள் தண்ணீருக்குள் போகும். கனத்த பீரங்கிகள் இருப்பதே கீழ்த்தளத்தில்தான். 1759 நவம்பர் 20, கிபெரோன் விரிகுடா, புயல் காற்று. 'தேசே' என்ற பிரெஞ்சுக் கப்பல் அந்த வாசல்களைத் திறந்து வைத்துப் போரிட்டது. கடல் உள்ளே புகுந்தது. ஏறக்குறைய ஆட்கள் அத்தனை பேரோடும் மூழ்கிப்போனது.

கேள்வி: நம் கடலூருக்கு எதிரே பிரெஞ்சு, ஆங்கிலக் கடற்படைகள் மோதியதாக ஒரு வரி படித்தேன். விவரம் உண்டா? (பள்ளி ஆசிரியை ஒருவர்)

நிறைய உண்டு. சுஃப்ரென் என்ற பிரெஞ்சுத் தளபதியும் எட்வர்ட் ஹியூஸ் என்ற ஆங்கிலேய அட்மிரலும் பதினாறு மாதத்தில் ஐந்து முறை மோதினார்கள். 1782 பிப்ரவரி 17 சதுரங்கப்பட்டினம், ஏப்ரல் 12 இலங்கைக் கரையில் பிராவிடியன் தீவு, ஜூலை 6 நாகப்பட்டினம், செப்டம்பர் 3 திருகோணமலை, 1783 ஜூன் 20 கடலூர். ஐந்து போரிலும் ஒருவர் கப்பலை மற்றவர் பிடிக்க முடியவில்லை.

சோழமண்டலக் கரையில் பெரிய கப்பலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. ஐப்பசியில் வாடைக்காற்றும் புயலும் தொடங்கினால் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க முடியாது. ஹியூஸ் பழுது பார்க்கப் பம்பாய்க்குப் போக வேண்டும், அதாவது பாதி இந்தியாவைச் சுற்ற வேண்டும். சுஃப்ரெனுக்கு அந்த வசதியும் இல்லை. கடலூரில் நின்றுகொண்டு வீடுகளைப் பிரித்து மரம் எடுத்தார், சிறு கப்பல்களின் பாய்மரத்தைப் பிடுங்கிப் பெரிய கப்பலில் நட்டார். இந்தக் கடலில் எல்லாக் காற்றுக்கும் அடைக்கலம் தரும் துறைமுகம் திருகோணமலை ஒன்றுதான். 1782 ஆகஸ்ட் கடைசியில் அதைக் கைப்பற்றினார். ஹியூஸ் வந்து பார்த்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது.

மறுநாள் போரில் சுஃப்ரெனின் 'ஹீரோஸ்' கப்பலின் நடுப்பாய்மரம் முறிந்தபோது கொடியும் சேர்ந்து விழுந்தது. சரணடைந்துவிட்டார் என்று ஆங்கிலேயர்கள் ஆரவாரம் செய்தார்கள். அப்போது பிரெஞ்சுக் கடற்படைக் கொடி வெள்ளை நிறம். கொண்டு வாருங்கள் வெள்ளைக் கொடிகளை, கப்பலைச் சுற்றிலும் கட்டுங்கள் என்று அவர் கத்தினாராம்.

இவ்வளவு திறமைசாலிக்கு வெற்றி ஏன் கை நழுவியது? அவருடைய கேப்டன்கள் மறுபடி மறுபடி தூரத்தில் நின்றார்கள். நாகப்பட்டினத்துக்குப் பிறகு சிலரைப் பதவி நீக்கி ஊருக்கு அனுப்பினார். அவர்கள் மேல் குற்றம் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் மனதில் இருந்ததை சுஃப்ரெனும் அவர்களிடம் விளக்கிச் சொன்னவர் இல்லை. கொடி ஏற்றினால் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தார். 'விக்டரி' கப்பலில் நடந்தது போல ஒரு விருந்து அவர் கப்பலில் நடந்திருந்தால் என்று எண்ணிப் பார்ப்பேன்.

இன்னொன்றையும் உங்கள் மாணவர்களிடம் சொல்லுங்கள். கடலூர்ப் போரில் ஹியூஸிடம் 18 கப்பல்கள், சுஃப்ரெனிடம் 15. தண்ணீர் தீர்ந்து, ஆட்கள் நோயில் விழுந்து, ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். பிரெஞ்சுக்காரர் கையில், ஆங்கிலேயர் முற்றுகையில் இருந்த கடலூர் மூச்சுவிட்டது. ஒன்பது நாள் கழித்து 'மெடியா' என்ற கப்பல் செய்தி கொண்டுவந்தது: ஐரோப்பாவில் முதற்கட்ட சமாதான உடன்படிக்கை ஜனவரி 20 அன்றே கையெழுத்தாகிவிட்டது. சரியாக ஐந்து மாதம் முன்பு முடிந்துபோன சண்டைக்காக அந்தக் கடலில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

கேள்வி: என் வயதுப் பையன்கள் போர்க்கப்பலில் இருந்தார்களா? (எட்டாம் வகுப்பு மாணவன்)

இருந்தார்கள் தம்பி. அவர்கள் வேலை வெடிமருந்து தூக்குவது. மருந்தறை கப்பலின் அடிவயிற்றில், நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். பொறி பறந்துவிடக் கூடாது என்று உள்ளே கம்பளிச் செருப்புப் போட்டுத்தான் நடப்பார்கள். விளக்கு பக்கத்து அறையில், கண்ணாடிக்கு அப்பால். வாசலில் நனைத்த கம்பளித் திரை. பையன் கை நீட்டினால் துணிப்பையில் கட்டிய மருந்து வரும். மூடியுள்ள பெட்டியில் வைத்து, நெஞ்சோடு அணைத்து, ஏணியேறித் தன் பீரங்கிக்கு ஓட வேண்டும். மறுபடி இறங்க வேண்டும்.

என் கப்பல் சவுத்தாம்டனில் நின்ற ஒரு நாள், விடுப்பு வாங்கிக்கொண்டு போர்ட்ஸ்மவுத்துக்கு ரயில் ஏறி 'விக்டரி'யைப் பார்த்தேன். கீழ்ப் பீரங்கித் தளத்தில் நான் குனிந்தே நடந்தேன். அங்கே இருந்தவை 32 பவுண்டு பீரங்கிகள். குண்டு ஒன்றே பதினாலு கிலோவுக்கு மேல், பீரங்கி மூன்று டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. வெடித்ததும் அந்த எடை முழுவதும் பின்னால் பாயும். தடித்த கயிறு பிடித்து நிறுத்தும். அந்தப் பாய்ச்சலுக்குக் குறுக்கே, இருட்டில், புகையில், உன் வயதுப் பையன்கள் ஓடினார்கள். ஏணியை நான் ஏறிப் பார்த்தேன். வெறுங்கையோடு ஏறியே மூச்சு வாங்கியது.

கேள்வி: சவுக்கடிதான் அந்தக் கடற்படையை நடத்தியதா?

சவுக்கடி உண்டு, கொடூரமாகவே உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பிய கேப்டன்களின் முடிவைப் பாருங்கள். 'ஹெர்மியோன்' கப்பலின் கேப்டன் பிகாட், பாய்மரத்திலிருந்து கடைசியாக இறங்குபவனுக்கு அடி என்று மிரட்டினார். அவசரத்தில் இறங்கியவர்கள் தளத்தில் விழுந்து செத்தார்கள். 1797 செப்டம்பரில் ஆட்கள் அவரை வெட்டிக் கடலில் வீசினார்கள்.

அதே வருடம் ஏப்ரலில், போர்ட்ஸ்மவுத்துக்கு எதிரே கப்பல்கள் நங்கூரமிடும் ஸ்பிட்ஹெட்டில் நடந்தது வேறு மாதிரி. சம்பளம் 1650களில் நிர்ணயித்ததிலிருந்து நகரவே இல்லை. மாலுமிகள் கப்பலுக்கு இருவராக 32 பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, அட்மிரலின் அறையிலேயே கூடிப் பேசினார்கள். பிரெஞ்சுக் கடற்படை வெளியே வந்தால் உடனே கிளம்புவோம் என்றும் அறிவித்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய அட்மிரல் ஹோ பிரபு படகில் கப்பல் கப்பலாகப் போய்ப் பேசினார். சம்பளம் கூடியது, மன்னிப்பு கிடைத்தது, வெறுக்கப்பட்ட அதிகாரிகள் இறக்கப்பட்டார்கள். அந்த நூற்றாண்டிலேயே ஒழுங்காக நடந்த வேலைநிறுத்தம் இதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: பீரங்கியால் செத்தவர்கள் அதிகமா, நோயால் செத்தவர்கள் அதிகமா?

நோய். சந்தேகமே வேண்டாம். 1740இல் உலகைச் சுற்றக் கிளம்பிய பிரிட்டிஷ் தளபதி ஆன்சனின் படையில் ஏறக்குறைய 1,900 பேர். 1,300க்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் ஸ்கர்வியால், அதாவது பழமும் காய்கறியும் இல்லாத சாப்பாட்டால் வரும் நோயால். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டாகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் எழுந்து நடந்ததைக் காட்டினார். கடற்படை எல்லாக் கப்பலுக்கும் எலுமிச்சைச் சாறு தர ஆரம்பித்தது 1795இல். நாற்பத்தெட்டு வருடம்! இந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த தளபதி நெல்சன்தானே?

கோலிங்வுட். டிரஃபால்கரில் 'ராயல் சாவரின்' கப்பலில் முதலில் எதிரி வரிசைக்குள் நுழைந்தவர். நெல்சனின் அந்தப் புகழ்பெற்ற கொடிகள் ஏறத் தொடங்கியபோது, இவர் கொடி ஏற்றுவதை நிறுத்தமாட்டாரா, என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத்தான் தெரியுமே என்று அலுத்துக்கொண்டவர். வாசித்துக் காட்டியதும் மகிழ்ந்துபோனார். பேசி முடித்தவர்களுக்குள் கொடி எவ்வளவு குறைவாகத் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அவருடைய ஆட்கள் வேகமாகச் சுடுவதற்குப் பெயர் பெற்றவர்கள். அடி அதிகம் இல்லாமலே அப்படிப் பழக்கியவர். எதிரிக் கப்பல்கள் துறைமுகத்தில் அடைபட்டுக் கிடக்க, இவர் வாசலில் கடலிலேயே மாதக்கணக்கில் காவல் நின்றார். ஒருமுறை 22 மாதம் நங்கூரமே போடவில்லை. உள்ளே கிடந்தவர்களுக்குப் பாய் கட்டிப் பழகக் கடல் கிடைக்கவில்லை, வெளியே நின்றவர்களுக்குத் தினமும் பழக்கம். டிரஃபால்கரின் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

1803இல் வீட்டைவிட்டுக் கிளம்பியவர் மனைவியையும் இரு பெண்களையும் பிறகு பார்க்கவே இல்லை. உடல் தளர்ந்துவிட்டது, விடுவியுங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் அனுமதி வந்து, ஊர் திரும்பும் கப்பல் கிளம்பிய மறுநாள், 1810 மார்ச் 7 அன்று, கடலிலேயே இறந்தார். ஊரில் இருந்த காலத்தில் அவர் வெளியே நடக்கப் போனால் சட்டைப்பை நிறைய ஓக் விதைகளை எடுத்துப் போவார். வேலியோரத்தில் நல்ல மண் கண்ட இடமெல்லாம் ஒன்றை ஊன்றிவிட்டு வருவார். எதிர்காலக் கப்பல்களுக்கு மரம் வேண்டுமே என்று.